மணிக்கூண்டு மார்க்

ஜெயலெட்சுமி அடுப்பைப் பற்றவைத்த சற்று நேரத்தில் கூடத்தில் ஒப்பாரி நின்றுபோயிற்று.

புகைதான் காட்டிக்கொடுத்தது. ரப்பர் விறகு சரியாகக் காயவில்லை. அடுக்களையிலிருந்து கிளம்பிய புகை நடையைத் தாண்டி, அவள் கணவனைக் கிடத்தியிருந்த முன்கூடம்வரை போயிருக்க வேண்டும். இழவு விழுந்த வீட்டில் பிணத்தை எடுக்கும்வரை அடுப்பு எரியக் கூடாது. டத்தோ கெராமாட்டில் அந்த வரிசை வீடுகளிலிருந்து வந்திருந்த பெண்கள் எல்லாருக்கும் அது தெரியும். அவளுக்கும் தெரியும்.

"யாரு அடுப்பு மூட்டினது?" என்று கூடத்தில் ஒரு குரல் கேட்டது.

"அவதான். வேற யாரு இருக்கா இந்த வீட்ல."

"புருஷன் அங்க கெடக்கிறாரு. அதுக்குள்ள பசி தாங்கலையாக்கும்."

ஜெயலெட்சுமி ஊதுகுழலை எடுத்து ஊதினாள். தணல் சிவந்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. காலையிலிருந்து அவள் அழவில்லை. இப்போது வந்த நீரைப் பார்த்தால் யாராவது தவறாக நினைத்துக்கொள்வார்களோ என்று முந்தானையால் துடைத்தாள். அகன்ற பித்தளைப் பானையை அடுப்பில் ஏற்றித் தேங்காய் எண்ணெயை ஊற்றினாள். மேலே தேன்மெழுகைச் சீவிப் போட்டாள். மெழுகு கொஞ்சம்தான் இருந்தது. போதுமா என்று யோசித்தாள். இதை வைத்தே சமாளித்தாக வேண்டும்.

அவள் கணவன் விடியுமுன் இறந்திருந்தான். காட்டுக்காய்ச்சல். ஜப்பான்காரன் வந்ததிலிருந்து கொய்னா மாத்திரை கண்ணிலேயே படவில்லை. கள்ளச் சந்தையில் வாங்கியது வெறும் மாவு. மாதக்கணக்கில் படுத்துக் கிடந்த உடம்பு, கடைசியில் சத்தமில்லாமல் அடங்கிவிட்டது. விடிந்ததும் செய்தி கேட்டு முதலில் வந்தவர் அப்புத்துரை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே வியாபாரப் பதிவு ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. ஆட்சி மாறிய பிறகும், இங்கிலீஷ் தெரிந்த ஆள் வேண்டுமென்று அவரை அங்கேயே வைத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்து மனிதர். இறந்தவனுக்கு நெடுநாள் சிநேகிதர். பிணத்தின் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவள் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, இந்த நேரத்தில சொல்லுறதுக்கு மன்னிக்கோணும். இண்டைக்கு மத்தியானம் அவன் வாறான்."

யார் என்று அவள் கேட்கவில்லை. படுக்கையில் கிடந்த கணவன் சில நாட்களாக வேறு பேச்சே பேசியதில்லை. தண்ணீர்மலை ரோட்டு ஆயில் மில் முதலாளி மனுப் போட்டிருந்தார். இந்த வீட்டில் பதிந்த மணிக்கூண்டு மார்க் ஜாதிக்காய்த் தைலத்தை இப்போது யாரும் காய்ச்சுவதில்லை, பழைய சரக்கைத்தான் விற்கிறார்கள், உபயோகத்தில் இல்லாத மார்க்கை அடித்துவிட்டு எனக்குக் கொடுங்கள் என்பது மனு. நேரில் வந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வதாக ஜப்பான் அதிகாரி நாள் குறித்திருந்தான்.

"செத்த வீடு எண்டு சொன்னனான். வேற நாள் வரேலாதோ எண்டும் கேட்டுப் பாத்தனான்," என்றார் அப்புத்துரை. "நாளைக்கு அவன் ஈப்போவுக்குப் போறானாம். காய்ச்சிற வீடெண்டால் காய்ச்சட்டும், நான் பாக்கிறன் எண்டுபோட்டான்."

"காய்ச்சலன்னா?"

"மார்க் மில்காரனுக்குப் போகும். பிறகு நீங்கள் அந்தப் படத்தைப் போட்டு வித்தால் நீங்கள்தான் கள்ளர்."

அவள் முன்கூடத்தைப் பார்த்தாள். விசுப்பலகையில் கிடந்தவனின் தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தது. எல்லாவற்றையும் அவளிடம் விட்டுவிட்டு வாயைக் கட்டிக்கொண்டு கிடப்பதுபோல இருந்தது.

அந்த மார்க்கை அவன் வைத்திருந்த விதம் அவளுக்குப் பல தடவை எரிச்சலைத் தந்திருக்கிறது. லேபிளில் கடற்கரை மணிக்கூண்டின் படம். குண்டு விழுந்ததில் நிஜ மணிக்கூண்டு சாய்ந்துவிட்டது. லேபிளில் நேராக நின்றது. சாயம் கிடைக்காத காலத்திலும் அந்தப் படத்தில் ஒரு கோடு மாற விடமாட்டான். பதிந்த படம் ஒன்று, போடுகிற படம் வேறு என்றால் பதிவே செல்லாது என்பான். நிபோங் திபால் தோட்டங்களில் எழுத்துத் தெரியாத பெண்கள் மணிக்கூண்டைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள் என்பான். மில் முதலாளி தன்னுடைய காறிய எண்ணெய்க்கு அந்த லேபிளை ஒட்டிக்கொள்ளக் கேட்டு ஆள் அனுப்பியபோது, வந்தவனை உட்காரக்கூடச் சொல்லவில்லை. போத்தல் கிடைக்காமல், மெழுகு கிடைக்காமல் எல்லாக் கடைகளும் கையை விரித்த மாதங்களிலும், கொஞ்சமாவது காய்ச்சி, பகிரங்கமாக விற்க வேண்டும் என்று அவளைப் படுத்தி எடுத்தான்.

"பதிஞ்சு பெட்டில வச்சிருந்தா மட்டும் மார்க் நம்மளுது ஆயிடாது, ஜெயா. போட்டுக்கிட்டே இருக்கணும். விட்டா செத்துப்போயிடும்."

இந்தப் பிடிவாதத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. பதிவான மார்க் உள்ள தொழில் வீடு என்பதால், அவன் தம்பி பழனியப்பனுக்கு ஆபீசில் ஒரு விலக்குச் சீட்டுக் கொடுத்திருந்தார்கள். லாரி வந்து தெருவில் கிடைத்த ஆண்களையெல்லாம் சயாமுக்கு ரயில் பாதை போட அள்ளிக்கொண்டு போன அன்று, பழனியப்பன் அந்தச் சீட்டைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு வீட்டு வாசலில் நின்றான். லாரி போய் நெடுநேரமான பிறகும் கையை இறக்கவில்லை. போனவர்களில் ஒருவர்கூட இன்னும் திரும்பவில்லை. மார்க் போனால் சீட்டும் போகும்.

"ஜெயா."

பின்கட்டு வாசலில் பக்கத்து வீட்டு மலாய்ப் பெண் நின்றாள்; சித்தி ஹாஜரா என்பதே அவள் பெயர். கையில் ஒரு கூடை அடுப்புக்கரி.

"ஏன் இப்படிப் பேச்சு வாங்குற? எங்க வீட்டு டாப்பூர்ல அடுப்பு எரிஞ்சுகிட்டுத்தானே இருக்கு. பானைய அங்க தூக்கிட்டு வா லா. நான் கிண்டித் தாரேன்."

ஜெயலெட்சுமிக்கு ஒரு கணம் பானையைத் தூக்கிவிடலாம் என்று இருந்தது.

"முடியாது அக்கா. பதிவுல இந்த வீடுதான் இருக்கு. வேற வீட்ல காய்ச்சினா அது மணிக்கூண்டு தைலம் இல்லேம்பான்."

சித்தி ஹாஜரா உள்ளே வந்து, புகையும் விறகை இழுத்துப்போட்டுவிட்டுக் கரியை இட்டாள். புகை அடங்கியது. கூடத்தில் ஒப்பாரி மறுபடி தொடங்கியது. ஆனால் முன்பு இருந்த ஈடுபாடு அதில் இல்லை.

மெழுகு உருகிக்கொண்டிருந்தது. ஜெயலெட்சுமி காலியாக இருந்த அரிசிப் பானைக்குள் கையை விட்டு ஜாதிக்காய் எண்ணெய்ப் புட்டியை எடுத்தாள். பாலிக் பூலாவிலிருந்து வந்த கடைசிப் புட்டி. நேற்று அவன் நெஞ்சு அடைக்கிறது என்று முனகியபோது இதைத்தான் எடுத்து மூடியைத் திறந்தாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். விரல்களில் பலமே இல்லை.

"அது நாளைக்கு வேணும்," என்றான்.

அவள் மூடியைத் திருகிப் புட்டியை மறுபடி அரிசிப் பானைக்குள் வைத்தாள். தடவிவிட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டான். அது அவளுக்குத் தெரியும். கொஞ்சம் சுலபமாக மூச்சு விட்டிருப்பான். அவன் சொன்னால் சொல்லட்டும், தான் ஏன் கேட்டுக்கொண்டோம்? இப்போது புட்டியை அடுப்போரம் வைத்துவிட்டுக் கரண்டியை எடுத்தாள்.

"அண்ணி."

பழனியப்பன் அடுக்களைக்குள் வந்து கதவோரம் நின்றான். பாடைக்கு மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தவன். மேலெல்லாம் வியர்வை, சிராய்.

"அடுப்ப அணைச்சிடுங்க அண்ணி."

"பேசறவங்க பேசட்டும்."

"அவங்களுக்காகச் சொல்லல." அவன் தரையைப் பார்த்தான். "அந்த மனுவுல நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

அவள் கரண்டியை நிறுத்தவில்லை.

"அண்ணன் இனி எந்திரிக்க மாட்டாருன்னு தெரிஞ்சுபோச்சு. மில்லு முதலாளி ஆளு வந்தான். அண்ணன் கண்ண மூடினா இந்தச் சீட்டு செல்லாது, மறுநாளே லாரில ஏத்திடுவாங்கன்னான். எழுதிக் குடுத்தா மில்லு ஆளுன்னு புதுச் சீட்டு வாங்கித் தாரேன்னான்." அவன் உள்ளங்கைச் சிராயைக் கிள்ளினான். "எனக்குப் பயமா இருந்துச்சு அண்ணி. இப்ப நீங்க காய்ச்சிக் காட்டினா நான் பொய் எழுதிக் குடுத்தேன்னு ஆயிடும். ஜப்பான்காரன்கிட்ட பொய் சொன்னவன என்ன பண்ணுவான்னு உங்களுக்குத் தெரியும்."

கடைத்தெருவில் கம்பத்தில் கட்டிவைத்திருந்த ஒருவனை அவள் பார்த்திருக்கிறாள்.

"என்ன எழுதிக் குடுத்தே? வார்த்தையச் சொல்லு."

"எங்க அண்ணன் இப்ப தைலம் காய்ச்சறதில்லன்னு."

"அண்ணன்னுதான் எழுதினியா? வீட்டுல யாருமேன்னு எழுதலையே?"

"இல்ல. அண்ணன்னுதான்."

 பானையைத் தூக்கி அவன் மேல் ஊற்றிவிடலாம் போல அவளுக்கு இருந்தது. ஆனால் அண்ணன் படுத்த நாளிலிருந்து மலம் மூத்திரம் அள்ளியவனும் இவன்தான்.

"போ. போய் மூங்கில வெட்டு," என்றாள்.

வெளியே கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. கடிகாரத்தை முன்னே தள்ளிவைத்த ஜப்பான் நேரத்துக்கு மத்தியானம் என்றால் சூரியன் இன்னும் உச்சிக்கு ஏறியிருக்காது. அவள் அதை மறந்துபோயிருந்தாள்.

பானையை அவசரமாகக் கீழே இறக்கினாள். நெருப்பின் மேல் வைத்து ஜாதிக்காய் எண்ணெயை விட்டால் வாசமெல்லாம் ஆவியாகப் போய்விடும். இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்ததும் ஊற்றி, ஆறும்வரை கை ஓயாமல் கிண்ட வேண்டும். நடுவில் விட்டால் மெழுகு திப்பி திப்பியாக உறைந்துவிடும். எண்ணெயை ஊற்றினாள். கற்பூரம் தனியாக இல்லை. சடங்குக்கென்று வாங்கி வந்ததில் பாதியை நுணுக்கிப் போட்டாள். காரமான மணம் அடுக்களையை நிறைத்துக்கொண்டு வெளியே போயிற்று.

கூடத்தில் எல்லாரும் எழுந்து குனிந்த சலசலப்பு. பிறகு ஒரு சத்தமும் இல்லை. அதிகாரி பிணத்தின் முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பதைச் சித்தி ஹாஜரா எட்டிப் பார்த்துச் சைகையில் சொன்னாள். பின்பு பூட்ஸ் சத்தம் நடையில் வந்தது.

அவன் இளைஞன். கண்ணாடி போட்டிருந்தான். இடுப்பில் தொங்கிய வாள் நிலைப்படியில் தட்டியது. பின்னால் அப்புத்துரை. அதற்கும் பின்னால், நடையில், பெண்களின் முகங்கள்.

ஜப்பான்காரன் முன்னால் எழுந்து நின்று குனிய வேண்டும். ஜெயலெட்சுமி எழவில்லை. தலையை மட்டும் தாழ்த்தினாள். கை பானைக்குள் சுழன்றுகொண்டே இருந்தது.

அதிகாரியின் முகம் இறுகியது. அப்புத்துரை முந்திக்கொண்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். 

"கையை எடுத்தால் பழுதாப் போகும் எண்டு சொன்னனான்," என்று அவளிடம் முணுமுணுத்தார். "கிண்டுங்கோ. நிப்பாட்டாதையுங்கோ."

அதிகாரி நின்று பார்த்தான். அவள் மணிக்கட்டைப் பார்த்தான். எண்ணெய் மெல்ல வெளுத்து, கெட்டிப்பட்டு வருவதைப் பார்த்தான். கையிலிருந்த கோப்பைத் திறந்து மனுத் தாளை எடுத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவன் வாயில் அது "பராணியப்பான்" என்று வந்தது.

பழனியப்பன் வந்து இடுப்புவரை குனிந்தான்.

"இது உன் கையெழுத்தோ எண்டு கேக்கிறார்."

"ஆமா."

"இங்க ஒருத்தரும் காய்ச்சிறேல்லை எண்டு சொன்னாய். இப்ப இது என்ன எண்டு கேக்கிறார்."

பழனியப்பன் நிமிரவில்லை. அவன் முதுகு வியர்வையில் பளபளத்தது. ஜெயலெட்சுமி அவனைப் பார்க்கவில்லை. கரண்டி பானையில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணன் காய்ச்சறதில்லன்னுதான் எழுதினேன். அது நெசந்தான். அண்ணன் படுத்துப் பல மாசம் ஆச்சு." அவன் மூச்சை இழுத்தான். "காய்ச்சறது அண்ணி. அண்ணியப் பத்தி என்னைய யாரும் கேக்கல."

அப்புத்துரை அதை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். சொல்லி முடித்ததும் அதிகாரி பழனியப்பனை ஓங்கி அறைந்தான். நடையில் ஒரு பெண் "ஐயோ" என்றாள். பழனியப்பன் சுவரில் மோதி, சமாளித்து, மறுபடி குனிந்தான். அதிகாரியின் கை வாளுக்குப் போகவில்லை. அவன் தாளைக் கோப்புக்குள் திருப்பி வைத்தான்.

பிறகு ஜெயலெட்சுமியிடம் திரும்பினான்.

"எவ்வளவு காலமா நீங்கள் காய்ச்சிறியள் எண்டு கேக்கிறார்."

"கல்யாணம் ஆகி வந்ததிலேர்ந்து. அவரு ஆபீசு, கணக்கு, லேபிளு பாத்துக்குவாரு. கரண்டி எப்பவும் என் கைலதான்."

அதிகாரி குனிந்து தைலத்தில் சுண்டுவிரலை விட்டு முகர்ந்தான். புறங்கையில் தேய்த்துக்கொண்டான். அலமாரியில் இருந்த லேபிள் ஒன்றை எடுத்துக் கோப்பிலிருந்த படத்தின் பக்கத்தில் வைத்து, நகத்தால் கோடு கோடாகத் தொட்டுப் பார்த்தான். கூரை, வளைவுகள், மணி முகப்பு, படிகள். நெடுநேரம் பார்த்தான். பின்பு லேபிளின் அடியில் அச்சிட்டிருந்த பெயரின் மேல் விரலை வைத்து நிறுத்தினான்.

"மார்க் பாவனையில இருக்குது எண்டு ஒப்புக்கொள்ளுறார்," என்றார் அப்புத்துரை. அவர் முகத்தில் இன்னும் நிம்மதி வரவில்லை. "ஆனால் சொந்தக்காரர் இப்ப இல்லை. செத்தவர் பேரில மார்க் இருக்கேலாது. நீங்கள் ஏற்கோணும் எண்டால், இவருக்கு முன்னால வாயால சொல்லோணுமாம். இது ஆருடைய மார்க், அவர் செத்திட்டார், இனி நான் நடத்துறன் எண்டு."

"சொல்றேன். இது எங்க வீட்டுக்காரரோட மார்க்கு…"

அதிகாரி கையை உயர்த்தினான்.

"பேர் வேணுமாம், தங்கச்சி."

"நீங்க சொல்லுங்கண்ணே."

"நான் சொன்னனான். உங்கட வாயால வேணுமாம்."

கரண்டி முதன்முதலாகத் தயங்கியது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அந்தப் பெயரை உச்சரித்ததில்லை. அரிசி வாங்கும் வரிசையில் குடும்பத் தலைவன் பெயரைக் கேட்டால் பக்கத்தில் நிற்பவள் சொல்வாள். கோயிலில் அர்ச்சனைக்கு நட்சத்திரத்தை மட்டும் சொல்வாள். அந்தப் பெயருடைய நாயனாரின் சிலை முன்னால் நின்றாலும் சாமி என்றுதான் கும்பிடுவாள். நடையில் நின்ற பெண்கள் அனைவரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் அவன் கிடந்தான். புருஷன் உயிரோடு இருக்கும்போது பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்பார்கள். இனிக் குறைவதற்கு எதுவும் இல்லை. அப்படியும் நாக்கு எழவில்லை.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"திருநாவுக்கரசு," என்றாள்.

அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. தூரத்தில் இருக்கிற ஒருவரைக் கூப்பிடுவது போல.

"திருநாவுக்கரசோட மார்க் இது. இன்னிக்கு விடியக்காலையில அவரு செத்துப்போயிட்டாரு. இனிமே நான் நடத்துறேன்."

யாரும் அசையவில்லை. அப்புத்துரை மொழிபெயர்க்க வாயெடுத்தார். அதிகாரி வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுக் கோப்பில் எழுதினான். எழுதி முடித்து, இன்னும் ஒன்று சொன்னான். இன்று காய்ச்சிய சரக்கில் பழைய சொந்தக்காரன் பெயரோடு ஒரு போத்தல்கூட வெளியே போகக் கூடாது. அச்சிட்ட பெயரை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே அவள் பெயரை எழுத வேண்டும். முழுக்க மறைக்கக் கூடாது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று தெரிய வேண்டும். அப்படி எழுதிய போத்தல் ஒன்று பொழுது சாயுமுன் அப்புத்துரையின் கையில் ஆபீசுக்கு வர வேண்டும்.

பூட்ஸ் சத்தம் திரும்பிப் போயிற்று. கார் கிளம்பிய பிறகுதான் பழனியப்பன் நிமிர்ந்தான். கன்னத்தில் விரல்கள் பதிந்திருந்தன. ஏதோ சொல்ல வந்தான். ஜெயலெட்சுமி கரண்டியைச் சித்தி ஹாஜராவின் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"நேரமாச்சு. அண்ணனக் குளிப்பாட்ட ஆளக் கூப்பிடு," என்றாள்.

தைலம் பதமாக உறைந்திருந்தது. போத்தல்களில் ஊற்றி வரிசையாக வைத்துவிட்டுத்தான் அவள் கூடத்துக்குப் போனாள். பசி என்று சொன்ன பெண் நகர்ந்து இடம் விட்டாள். பிள்ளை இல்லாததால் பழனியப்பனே கொள்ளிச் சட்டி எடுத்தான். வாய்க்கரிசி போட அரிசி இல்லாமல், மரவள்ளி மாவில் இரண்டொரு மணி அரிசியைக் கலந்து போட்டார்கள். அவள் முறை வந்தபோது, கட்டியிருந்த தாடைத் துணியின் ஓரம் மடங்கியிருந்ததைச் சரிசெய்தாள். பாடை பத்து லஞ்சாங் சுடுகாட்டுப் பக்கமாகத் திரும்பும்வரை வாசலில் நின்றாள். பெண்களுக்கு அதற்குமேல் போக வழக்கமில்லை.

கூடத்தைக் கழுவினார்கள். அவள் கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து, ஈரத் தரையில் பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். அப்புத்துரை மசிக்கூடும் பேனாவும் வைத்துவிட்டு வாசல் திண்ணையில் சாய்ந்து காத்திருந்தார்.  பொழுது இறங்கிக்கொண்டிருந்தது.

முதல் லேபிளை எடுத்தாள். மணிக்கூண்டின் கீழே அவன் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. பேனாவைத் தோய்த்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒரு கோடு இழுத்தாள்.  மேலே ஜெயலெட்சுமி என்று எழுதினாள். கோட்டுக்கு அடியில் எல்லா எழுத்தும் தெரிந்தன.

தலையைத் துவட்டாமலே உட்கார்ந்திருந்தாள். கூந்தல் நுனியில் நீர் திரண்டு தொங்கியது. அது விழுவதற்குள் லேபிளை எட்டத் தள்ளி வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்தாள்.